எங்கள் அதிகாரத்தில் இல்லை

பேரன் வீட்டுப்பாடத்தோடு வந்து நின்றான். புத்தகத்தில் மூன்று வட்டங்கள். ஒன்றில் சட்டம் இயற்றுகிறவர்கள், இன்னொன்றில் அதை நடத்துகிறவர்கள், மூன்றாவதில் தீர்ப்புச் சொல்கிறவர்கள். எல்லாருக்கும் மேலே மாமன்னர். ஒருவர் கை நீண்டால் மற்ற இருவரும் பிடித்துக்கொள்வார்களாம். வட்டத்துக்கு வட்டம் அம்புக்குறி போட்டு அழகாக வரைந்திருந்தார்கள். “தாத்தா, நம்ம ஊர்லேர்ந்து ஓர் உதாரணம் எழுதணுமாம்” என்றான்.

பின்வரிசை வீட்டு அத்தை அந்த நேரம் பார்த்துக் கறிவேப்பிலை பறிக்க வந்தார். கெடாவின் பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் 1947-இல் பிறந்தவர். நாற்பது வருசம் பால் வெட்டியவர். இன்றுவரை சிவப்பு ஐசி, பிரஜை இல்லை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படத்தைப் பார்த்தார். நான் விளக்கினேன். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, “மூணு பேருன்னு சொல்றியே தம்பி, இதுல தொரை யாரு?” என்றார்.

அரசியல் சட்டத்தைப் பற்றி மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் கேட்டதில்லை.

அத்தைக்கு மூவர் ஆட்சி புதிதில்லை. தோட்டத்தில் துரை உத்தரவு போடுவார். கிராணி அதைச் செக்ரோலில் ஏற்றுவார். கங்காணியோ மண்டோரோ விடியற்காலைப் பெரட்டில் நம்மை நிறுத்தி வைத்து அதை நிறைவேற்றுவார். அரை நாள் பேர் விழவில்லை என்று மண்டோரிடம் கேட்டால் “கிராணி எழுதுறது, எனக்கென்ன தெரியும்?” கிராணியிடம் போனால் “துரை உத்தரவு.” துரை பங்களா வாசலில் நின்றால், வெளியே வரும் சமையல்காரர் “மண்டோர்கிட்ட சொல்லு” என்பார். அதிகாரப் பிரிவினை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! ஆனால் லயத்திலிருந்து ஒரு குடும்பத்தின் சட்டி பானையை வெளியே எறிகிற அன்றைக்கு மட்டும் மூன்று பேரும் ஒரே ஜீப்பில் வந்து இறங்குவார்கள்.

அந்த ஜீப்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேரனின் பாடப்புத்தகத்தில் விட்டுப்போன படம் அதுதான்.

அத்தை பிறந்த வருசம் கெடாவுக்குப் பொல்லாத வருசம். சம்பளத்தன்று பகலில் கொடுத்த காசை அந்தி சாய்வதற்குள் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. உரிமம் சர்க்காருடையது, கடை தோட்ட நிர்வாகத்தினுடையது, போதை மட்டும் நம்முடையது. யுத்தம் முடிந்து ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ.எம்.சாமி என்பவர் தொண்டர் படை ஒன்றைக் கட்டினார். தோட்டத்து இளைஞர்கள் அணிவகுத்துப் போய்க் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். குடிக்காதே, காசைப் பிள்ளைக்குக் கொடு என்றார்கள். அவர்கள் கேட்டது அவ்வளவுதான். 1947-இன் தொடக்கத்தில் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் போலீஸ் இறங்கியது. அடித்தார்கள், பிடித்தார்கள், பலரைச் சிறைக்கு அனுப்பினார்கள். ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஒரு தொழிலாளி செத்தார். பிடிக்க ஒருவர், தண்டிக்க ஒருவர், தோட்டத்தைவிட்டு விரட்ட ஒருவர். ஜீப் ஒன்றுதான்.

எதற்கு இந்தப் பழங்கதை? 2020 டிசம்பருக்கு வாருங்கள். கெடாவில் ஒரு கோயில் இடிக்கப்பட்டது. ம.இ.கா. தலைவர் விக்னேஸ்வரன் கண்டித்தார். அதற்கு மந்திரி பெசார் சனுசி, அவர் கள் போதையில் பேசுகிறாரோ என்ற பொருளில் பதில் சொன்னார். கள்ளுக்கடையை மூடச் சொல்லித் தமிழன் அடிவாங்கிய மாநிலத்தில், அந்த அடி விழுந்து எழுபத்து மூன்று வருசம் கழித்து, ஒரு முதல்வர் தமிழனைப் பார்த்துக் கள் வாடை அடிக்கிறது என்கிறார். அவர் மேல் தப்பில்லை. மாநில வரலாறு அவருடைய அதிகார வரம்பில் வராது போலும்.

சுதந்திரம் வந்தபோது எல்லாம் மாறும் என்றார்கள். 1957-இல் நாட்டுக்கு முதல் பிரதமராக வந்தவர் நம்ம கெடா அரண்மனைப் பிள்ளை துங்கு அப்துல் ரஹ்மான். சாசனம் எழுதி, நீதியதிகாரம் நீதிமன்றங்களிடம் இருக்கும் என்று அதில் பொறித்தார்கள். கெடாக்காரர் ஒருவர் காலத்தில் வந்த அந்த வரியை இன்னொரு கெடாக்காரர்தான் அழித்தார் என்பதில் மாநிலத்துக்கு ஒரு தனிப் பெருமை உண்டு.

அலோர் ஸ்டாரில் பிறந்து, அங்கேயே கிளினிக் வைத்து, குபாங் பாசு தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போன பிரதமர் டாக்டர் மகாதீர் 1987-இல் கட்சித் தேர்தலில் 43 ஓட்டில் தப்பினார். அந்த அக்டோபரில் ஓப்பராசி லாலாங். லாலாங் புல் என்றால் தோட்டத்துப் பெண்களுக்குத் தெரியும். வெயிலில் குனிந்து வேரோடு கல்லி எடுக்க வேண்டிய களை. அரசாங்கமே இறங்கி நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்களைக் கல்லி எடுத்துத் தடுப்புக்காவலில் போட்டது. அதில் ஒருவர் கர்ப்பால் சிங், 1974-இல் இதே அலோர் ஸ்டாரிலிருந்து கெடா சட்டமன்றத்துக்குப் போனவர். 1988 மார்ச்சில் ஈப்போ உயர்நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. வீடு போய்ச் சேருவதற்குள், அதே நாளில், மறுபடி பிடித்துக்கொண்டு போனார்கள். நீதிமன்றம் கதவைத் திறந்துவிட்டது, நிர்வாகம் வாசலிலேயே நின்றது. ஒன்றையொன்று கண்காணிப்பது என்றால் இதுதான் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு கதவைத் திறக்கிறவர்களின் முறை வந்தது. சாசனத்தின் 121-ஆம் பிரிவிலிருந்து ‘நீதியதிகாரம்’ என்ற சொல்லே எடுக்கப்பட்டது. நாடாளுமன்றம் போடும் சட்டம் எவ்வளவு அதிகாரம் கொடுக்கிறதோ, நீதிமன்றங்களுக்கு அவ்வளவுதான் என்று ஆயிற்று. கிராணி கொடுக்கிற அரிசிதான் உனக்கு, அளவு பார்க்காதே என்பது மாதிரி. தலைமை நீதிபதி துன் சாலே அபாஸ் இடைநீக்கம் செய்யப்பட்டார். அவரை விசாரித்த குழுவுக்கு அவருடைய நாற்காலியில் அடுத்து உட்காரவிருந்தவரே தலைவர். ஆகஸ்டில் பதவி பறிபோனது. அவருடைய மனுவைக் கேட்கக் கூடிய ஐந்து நீதிபதிகளையும் நிறுத்தி வைத்து, இருவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இருபது வருசம் கழித்து, 2008-இல், அரசாங்கம் அவர்களுக்குப் பணம் கொடுத்தது. மன்னிப்பு என்ற சொல் மட்டும் வராதபடி பார்த்துக்கொண்டது. பெரட்டில் அறைந்துவிட்டு தீபாவளிக்கு வேட்டி கொடுத்த துரைகளை அத்தை பார்த்திருக்கிறார்.

2007-இல் கூட்டரசு நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு ஒன்றிலேயே, அதிகாரப் பிரிவினை என்பது சாசனத்தில் உள்ள ஷரத்து இல்லை என்று எழுதினார்கள். 2017-இல் செமெனி ஜெயா வழக்கில்தான், இல்லை, நீதியதிகாரம் நீதிமன்றத்தினுடையது, அதைத் திருத்தம் போட்டுப் பறிக்க முடியாது என்று அதே நீதிமன்றம் நிமிர்ந்தது. அடுத்த வருசம் இந்திரா காந்தி வழக்கிலும் அதையே உறுதிப்படுத்தியது. மகாதீர் 2018-இல் சீர்திருத்தக்காரராகத் திரும்பி வந்தார், போனார். 121-ஆம் பிரிவு அவர் விட்டுப்போன மேனிக்கே இருக்கிறது.

இந்திரா காந்தி வழக்கைச் சொன்னேன். ஈப்போ பாலர்பள்ளி ஆசிரியை அவர். 2009-இல் கணவர் அவருக்குத் தெரியாமல் மூன்று பிள்ளைகளையும் மதம் மாற்றினார். பதினொரு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டும் போனார். அந்த ஆளைப் பிடிக்கும் வாரண்டை நிறைவேற்று என்று 2016-இல் தேசியப் போலீஸ் படைத் தலைவருக்கே கூட்டரசு நீதிமன்றம் உத்தரவிட்டது. 2018 ஜனவரி 29-இல் மதமாற்றம் செல்லாது என்றும் தீர்ப்பளித்தது. தாய் ஜெயித்துவிட்டார். குழந்தைதான் வரவில்லை. அது பள்ளிக்கூடம் போய், பூப்பெய்தி, ஐசி எடுக்கும் வயதையும் தாண்டிவிட்டது. முகநூலில் ஒரு வரி எழுதினவனை மறுநாளே வீட்டு வாசலில் பிடிக்கிற போலீசுக்கு இந்த ஒரு மனிதர் மட்டும் கண்ணில் படுவதில்லை. தீர்ப்புக்குக் கால் கிடையாது. போலீஸ் ஜீப்பில் ஏற்றினால்தான் அது ஊருக்குள் வரும்.

சட்டம் இயற்றுகிற வட்டத்தைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. 2009-இல் புக்கிட் செலம்பாவ் சட்டமன்ற இடைத்தேர்தலில் பதினைந்து பேர் நின்றார்கள், அதில் பதின்மூன்று பேர் சுயேச்சை. ஒரு கோயில் கமிட்டித் தேர்தலில்கூட இவ்வளவு பேர் நிற்க மாட்டார்கள், கொஞ்சம் யோசித்தால் நிற்பார்கள். 2018-இல் லூனாஸ், சிடாம் தொகுதிகளில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம். 2020 மே மாதம் அந்த இரண்டு சட்டமன்ற உறுப்பினர்களும் நகர்ந்துகொண்டார்கள். மாநில அரசாங்கம் கவிழ்ந்தது. நாம் தேர்ந்தெடுத்தது ஒரு ஆட்சி, கையில் கிடைத்தது இன்னொன்று. கட்சி தாவினால் பதவி போகும் என்று 2022-இல் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. மாடு போன பிறகு கொட்டகைக்குக் கதவு வைப்பது நம் நாட்டுத் தச்சர்களின் தனித்திறமை. 2023 மாநிலத் தேர்தலில் 36 இடங்களில் 33 ஆளுங்கட்சிக்கு. கண்காணிக்க மூன்று பேர் மிஞ்சினார்கள். அவர்களுக்கும் ஒரு ஜீப்பில் இடம் இருக்கும்.

இனி விடுமுறைக் கதை. இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை என்றாலும் கதை அப்படி அமைந்துவிட்டது.

2021 ஜனவரி 12-இல் நாட்டில் அவசரகாலம் அறிவித்தார்கள். காரணம் பெருந்தொற்று. ஆலைகள் ஓடின, சந்தைகள் திறந்தன, நாடாளுமன்றம் மட்டும் தொற்றுக்குப் பயந்து படுத்துக்கொண்டது. சட்டமன்றங்களும் அப்படியே. அரசாங்கம் தனக்கு வேண்டிய அவசரச் சட்டங்களைத் தானே போட்டுக்கொண்டது. அவசரகாலத்தை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்று சாசனத்தின் 150-ஆம் பிரிவே சொல்கிறது. ஆக, ஒரு வட்டம் தூங்கியது, இன்னொரு வட்டத்தின் வாய் கட்டப்பட்டது. மீதி இருந்த ஒன்றே மூன்று வட்டமுமாக நின்றது. அதே ஜனவரியில்தான், 28-ஆம் தேதித் தைப்பூசத்துக்குக் கெடாவில் வழக்கமாகக் கிடைத்துவந்த சிறப்பு விடுமுறை இந்த வருசம் இல்லை என்று மந்திரி பெசார் அறிவித்தார். தேர் இல்லை, காவடி இல்லை, ஊர்வலம் இல்லை, பின்னே லீவு எதற்கு என்பது அவருடைய கணக்கு. நாடாளுமன்றமும் கூடவில்லை, அந்தக் கணக்கில் அதன் உறுப்பினர்களுக்குச் சம்பளம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஜனநாயகத்துக்கு அரை வருசத்துக்கு மேல் லீவு. முருகனுக்கு ஒரு நாள் கிடையாது.

அந்த ஜூலையில் நாடாளுமன்றம் கண்விழித்தது. அவசரச் சட்டங்களையெல்லாம் ரத்து செய்தாகிவிட்டது என்று சட்ட அமைச்சர் அவையில் எழுந்து சொன்னார். மூன்று நாள் கழித்து, அப்படி ஒரு ரத்துக்கு மாமன்னர் ஒப்புதல் தரவில்லை என்று அரண்மனை அறிக்கை விட்டது. வட்டத்துக்கும் மேலே இருக்கிறவருக்கே இந்த மரியாதை. சுங்கை பட்டாணி சுப்பிரமணியர் எம்மாத்திரம்?

கோயிலுக்கு வருகிறேன். கோயில் இடிபடும் விதத்தைத் தெரிந்துகொண்டால் நம் நாட்டில் அதிகாரம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பது பாடப்புத்தகம் இல்லாமலே புரியும். நூறு வருசத்துக்கு முன் காடு வெட்டிய சனம் ஒரு மரத்தடியில் முனீஸ்வரருக்குக் கல் நட்டது. துரை தலையாட்டினார். தலையாட்டியதற்கு நிலக் கிராந்து எழுதித் தருவார்களா என்ன? தோட்டம் கை மாறியது, துண்டாடப்பட்டது, வீட்டுமனைக் கம்பெனிக்குப் போனது. ஜனங்கள் தாமானுக்கும் மலிவு வீட்டுக்கும் விரட்டப்பட்டார்கள். முனீஸ்வரர் மட்டும் அங்கேயே நின்றார். ஒரு நாள் காலையில் அவர் சட்டவிரோதக் குடியேறி ஆகிவிட்டார்.

கமிட்டிக்காரர்கள் நகராண்மைக் கழகத்துக்கு ஓடுவார்கள். நோட்டீஸ் ஒட்டுவதுதான் எங்கள் வேலை, நிலம் நில அலுவலகத்தினுடையது என்பார்கள். நில அலுவலகம், இது மாநில ஆட்சிக்குழு முடிவு என்னும். ஆட்சிக்குழு, சட்டப்படி நடக்கிறது, ஊராட்சியைக் கேளுங்கள் என்னும். கோலாலம்பூர் போனால், நிலமும் ஊராட்சியும் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணைப்படி மாநிலத்தின் கையில், மத்திய அரசு தலையிட முடியாது என்று அமைச்சர் டீ கொடுத்து அனுப்புவார். நீதிமன்றம், உங்கள் பேரில் நிலம் இருக்கிறதா என்று கேட்கும். ஒவ்வொரு கவுண்டரிலும் அதே மலாய் வாக்கியம்: “புக்கான் பிடாங் குவாசா காமி.” எங்கள் அதிகாரத்தில் இல்லை. யாருக்குமே அதிகாரம் இல்லாத இந்த நாட்டில், விடிகாலையில் புல்டோசர், போலீஸ், அமலாக்க அதிகாரி, நில அலுவலக ஆள் எல்லாரும் ஒரே நேரத்துக்கு வந்து சேர்வதற்கு மட்டும் அதிகாரம் எங்கிருந்தோ கிடைத்துவிடுகிறது.

மாநில அரசைத் தட்டிக்கேட்க நீதிமன்றத்தால் முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். 2023 பிறந்தபோது கெடா அரசு நம்பர் கடைகளுக்கு உரிமம் புதுப்பிப்பதை நிறுத்தியது. கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2024-இல் அலோர் ஸ்டார் உயர்நீதிமன்றம், அது மத்திய அரசின் வரம்பில் உள்ள விஷயம், மாநிலம் கை வைக்கக் கூடாது என்று கம்பெனிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சரியான தீர்ப்புதான், நான் குறை சொல்லவில்லை. நாலு நம்பருக்கு நல்ல வக்கீல் வைக்கக் காசு இருந்தது. முனீஸ்வரருக்கு உண்டியலும் ஒரு சேவலும்தான்.

நம்மவர்களையும் சும்மா விடக்கூடாது. மேடை ஏறினால் ராஜேந்திர சோழன் 1025-இல் இந்தக் கெடாவை வென்றான், கடாரம் கொண்டான் என்று நரம்பு புடைக்கப் பேசுவார்கள். கைதட்டல் அடங்கியதும் காரில் ஏறிப் போய்விடுவார்கள். அதே கடாரத்தின் பூஜாங் பள்ளத்தாக்கில் ஆயிரம் வருசத்துப் பழைய சண்டிக் கோயில் ஒன்றை 2013-இல் ஒரு கட்டுமான நிறுவனம் இடித்துத் தள்ளியது. தனியார் நிலம் என்றது மாநிலம். பாரம்பரியச் சொத்தாகக் கெஜட்டில் ஏறவில்லை என்றார்கள் மேலே. கடாரம் கொண்டவனுக்கே கிராந்து இல்லை. அவன் பேரைச் சொல்லி ஓட்டுக் கேட்டவர்களுக்கு அமைச்சர் பதவி இருந்தது. பதவியில் இருக்கும்போது “உள்ளே பேசிக்கொண்டிருக்கிறோம்” என்பார்கள், இறங்கிய மறுநாள் “அநியாயம்” என்பார்கள். ஜீப்பில் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவர்கள் இவர்கள்.

குற்றம் சாட்டும் அதிகாரம் யாரிடம் என்று பேரன் கேட்கவில்லை, புத்தகத்தில் அது இல்லை. சாசனத்தின் 145-ஆம் பிரிவுப்படி அது சட்டத்துறைத் தலைவரிடம். அவரே அரசாங்கத்துக்கு ஆலோசகர், அவரே அரசாங்கத்தில் இருக்கிறவர்கள் மேல் வழக்குப் போட வேண்டியவர், வேண்டாம் என்றால் நிறுத்துகிறவரும் அவரே. கிராணியே கங்காணியாகவும் இருப்பது போல. துணைப் பிரதமர் சாஹிட் ஹமிடி மேல் 47 குற்றச்சாட்டுகள். முகாந்திரம் இருக்கிறது, எதிர்வாதம் செய்யுங்கள் என்று 2022 ஜனவரியில் நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. 2023 செப்டம்பரில் அரசுத் தரப்பே வழக்கை நிறுத்தக் கேட்டது. விடுதலையாகாத ஒரு விடுவிப்பில் அவர் வீட்டுக்குப் போனார். இதே நாட்டில் ஒரு வாளி ஒட்டுப்பால் திருடினவனுக்கு ஒரே ஒரு குற்றச்சாட்டுதான். அதனால்தான் அவன் உள்ளே போகிறான். எண்ணிக்கையைக் கூட்டியிருக்க வேண்டும், பாவம்.

அத்தையின் சிவப்பு ஐசிக்கும் சாசனத்தில் இடம் இருக்கிறது. தோட்டத்து மருத்துவச்சி கையில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் எடுக்க அப்பா கூலி நாளை விட்டுவிட்டுப் போகவில்லை. ஒரு நாள் பேர் விழாவிட்டால் அன்றைய அரிசி இல்லை. இப்போது பிரஜையாக்கு என்று மனுப் போட்டால் முடிவு மத்திய அரசாங்கத்தின் கையில். அந்த முடிவை எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீடு செய்ய முடியாது, பரிசீலிக்கவும் முடியாது என்று இரண்டாவது அட்டவணை கட்டி வைத்திருக்கிறது. சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போட முடியாது, நிர்வாகம் பதில் எழுதாது, நீதிமன்றம் கேட்கக்கூடாது. மூன்று வட்டத்துக்கும் வெளியே, பக்கத்தின் ஓரத்தில் விட்ட வெள்ளை இடத்தில், எழுபத்தைந்து வருசத்துக்கு மேல் அத்தை நிற்கிறார். 2024 அக்டோபரில் குடியுரிமைத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு வழி பிறந்தது, நல்லது. அதே மசோதாவில், சிவப்பு ஐசிக்காரர் இங்கே பெறும் பிள்ளைக்குப் பிறப்பாலேயே குடியுரிமை கிடைத்துவந்த பாதையை அடைத்தார்கள். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி வித்தியாசமில்லாமல் கை உயர்ந்தது, மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். நம்மவர் கைகளும் அதில் இருந்தன.

பேரன் கடைசியில் புத்தகத்தில் இருந்த பதிலையே பார்த்து எழுதிக்கொண்டு போனான். பத்துக்குப் பத்து.

போன வாரம் அத்தையை ஓர் அலுவலகத்துக்குக் காரில் அழைத்துப் போனேன். எண் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இரண்டு மணி நேரம் கழித்துக் கவுண்டரில் இருந்த பெண், பழைய மனுவின் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, மரியாதையாகவே, அது இங்கே இல்லை, மேலிடத்தில் இருக்கிறது, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்றாள். எந்த மேலிடம் என்று கேட்டேன். சிரித்தாள். அவள் சம்பளத்துக்கு அவ்வளவுதான் முடியும்.

அத்தை எழுந்திருக்கவில்லை. எதிர்ச்சுவரில் வரிசையாக மாட்டியிருந்த பெரிய மனிதர்களின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் குனிந்து, “இதுல யாருகிட்ட தம்பி கேக்கணும்?” என்றார்.

கவுண்டரில் அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள்.